ஓம் டொக்டர், ஒவ்வொரு நாளும்

பல் டொக்டரிடம் சொல்லும் பொய்யை சாரங்கன் பொய்யில் சேர்ப்பதில்லை. அது ஒரு மரியாதை. விருந்துக்குப் போன வீட்டில் கறி நல்லாயிருக்கு என்கிறோமே, அந்த வகை.

வெள்ளவத்தையில் துணிக்கடைக்கு மேல்மாடியில் டொக்டர் நுஹா அவன் பல்லடி முரசை மெல்லிய கம்பியால் தொட்டார். தொட்ட இடமெல்லாம் ரத்தம்.

“பல்லுக்கு நடுவுல நூல் போடுறீங்கதானே?”

“ஓம் டொக்டர், ஒவ்வொரு நாளும்.”

போன தடவை அவர் கொடுத்த நூல் டப்பா, குளியலறைத் தட்டில் சீல் உடையாமல் தவமிருந்தது. வேறெந்த டொக்டரும் இதை நம்பியிருக்கமாட்டார். நுஹா நம்பினார். அதுதான் வினை.

“ஒவ்வொரு நாளும் போட்டும் இவ்வளவு ரத்தம் வரக்கூடாதே. எதுக்கும் ரத்தத்த டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோம்.”

இந்தச் செய்தி அம்மா அன்னபாக்கியத்திடம் போனது; அம்மாவிடமிருந்து டொரொன்டோச் சித்தியிடம்; சித்தியிடமிருந்து கூகிளிடம். திரும்பி வரும்போது புற்றுநோயாக வந்தது.

மறுநாள் வேலை முடிந்து வந்தவனிடம் அம்மா சொன்னார்: “அம்மாளாச்சிக்கு நேத்தி வச்சிட்டன். உனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லையெண்டால் வாற வெள்ளி அடியழிக்கிறன்.”

அடியழிப்பென்றால் அம்மன் கோயில் வீதி முழுக்க அடிக்கு ஒருதரம் விழுந்து கும்பிட்டு எழும்புவது. சிக்குன்குன்யா வந்துபோன அம்மாவின் முழங்கால், கதிரையிலிருந்து எழும்பவே நல்ல நேரம் பார்க்கும்.

சாரங்கன் புட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தான். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். “திரும்பவும் ரத்தமோ?” என்று அம்மா பதறினார். மூடிக்கொண்டான்.

பல்கனிக்குப் போய் டொக்டருக்குப் போனில் கோல் எடுத்தான்.

“டொக்டர், நான் அந்த நூலைப் போடுறேல்லை. ஒருநாளும்.”

“பல்லுக்கு நடுவுல பிரஷ் போகாது தம்பி. அங்க தங்குற அழுக்காலதான் முரசு வீங்கி ரத்தம் வருது. ஒவ்வொரு நாளும் மெதுவா நூல் போடுங்க, ரெண்டு வாரத்துல குறையும். குறையலன்னா வாங்க. சீனி டெஸ்ட மட்டும் விட்டுராதீங்க, உங்க அப்பாவுக்கும் இருந்துச்சே. முரசு கெட்டா சீனி ஏறும், சீனி ஏறினா முரசு கெடும். ரெண்டும் கூட்டாளி.” பிறகு குரல் இறங்கியது. “உங்களுக்காக நேத்து அல்லாஹ்கிட்ட துஆவும் கேட்டேன் நான்.”

இரண்டு மார்க்கத்தாரையும் வீணாக அலையவிட்டவன், அம்மா சட்டி கழுவிக்கொண்டிருந்த குசினிக்குள் போனான்.

“அம்மா, எனக்கு வருத்தமே இல்லை. பல்லுக்கு நூல் போடாமல், போட்டனான் எண்டு பொய் சொல்லிப்போட்டன். நீங்கள் கோயிலுக்கு ஒண்டும் செய்யத் தேவையில்லை.”

“ஒண்டுமே இல்லையோ?”

“ஒண்டுமே இல்லை.”

“என்ர அம்மாளாச்சி!” அம்மாவின் கைகள் தலைக்கு மேலே போயின. “கேட்ட உடனை தந்திட்டா!”

“அம்மா, நான் சொன்னது...”

“விளங்குது, பொய்யா. அதுக்கு உனக்குப் பிறகு இருக்கு. வருத்தம் இல்லையெண்டால் செய்யிறன் எண்டுதானே நேந்தனான்? இல்லைத்தானே? அப்ப செய்யத்தான் வேணும்.”

“அப்ப உங்களுக்குப் பதிலா நான் செய்யிறன்.”

“நீயோ? நீ செய்யிறன் எண்டு சொன்னால் இனி அம்மாளும் நம்பமாட்டா.”

வெள்ளிக்கிழமை காலை அம்மா ஈரச்சேலையோடு கோயில் வீதியில் விழுந்தார், எழும்பினார், விழுந்தார். ஒவ்வொரு தரமும் முழங்கால் சடக்கென்கிற சத்தம் சாரங்கனுக்குக் கேட்டது. அவன் முன்னால் குந்திக் குந்திப் போய், மணலில் கிடந்த குறுணிக் கற்களைப் பொறுக்கினான்.

“விலத்தடா, தலை இடிக்கப்போகுது,” என்றார் அம்மா, மண்ணில் கிடந்தபடி.

அவன் கொஞ்சம் விலகி, அடுத்த கல்லைத் தேடினான்.