ஜோ அடைத்த ஓட்டைகள்

1

இந்தக் கதை பிறந்தது ஒரு வசவில். எண்ணூர் முகத்துவாரத்தின் கரித்தண்ணீரைப் பற்றிக் கட்டுரை எழுதப் போயிருந்தேன். சந்து முனையில் துருப்பிடித்த பழைய ஜீப்பை நாலு பேர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் கைபேசியில் படம் பிடித்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஜானட் கத்தினாள்: "யோவ், வேடிக்க பாக்க வந்தியா, தள்ள வந்தியா?"

தள்ளினேன். கட்டுரை அங்கேயே நின்றுபோயிற்று.

2

எழுதிப் பார்த்த முதல் வரிகள்:

உப்புக்காற்று இரும்பைத் தின்னும், மனிதரையோ — (வேண்டாம். மேடைப் பேச்சு.)

அந்த ஜீப்புக்குள் ஒரு கடல் — (ஐயோ!)

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஜானட்டின் கணவர் தாமஸ், துறைமுகத்தில் டிரைவராக இருந்தவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரம் மூன்று தடவை ராயபுரம் பக்கம் போய் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். மழை வந்தால் சந்தில் முட்டளவு தண்ணீர், எந்த ஆட்டோவும் உள்ளே வராது. போன மழையில் ஒரு தடவை தவறிப்போய், உடம்பில் தண்ணீர் தேங்கி, மூச்சு முட்டி, அவர் பிழைத்ததே பெரும்பாடு. அதனால்தான் வீட்டோரம் மக்கிக்கிடந்த ஜீப்பு இந்த மழைக்குள் ஓடியாக வேண்டும்.

3

ஓட வைத்தார்கள். வியாசர்பாடி மெக்கானிக் அப்சல் இஞ்சினை இறக்கி ஏற்றினான். தையல்கார சைமா சீட்டுக்கு ரெக்சின் தைத்தாள். தரைத்தகடு மட்டும் சல்லடை. அதற்கு ஜோ வந்தான். ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறவன். ஊசி நுழைய இடமில்லாமல் அடைத்து, மிச்சமிருந்த படகு நீலத்தையும் ஜீப்புக்கே பூசிவிட்டான்.

(ஜோவின் மேல் எனக்குச் சந்தேகம். இத்தனை ஆவேசமாக ஒருவன் ஓட்டை அடைப்பானா? காரணம் வேண்டாமா? ஓட்டைப் படகில் போய்ச் செத்த தம்பி ஒருவனைச் சேர்த்து எழுதி, ஜோவுக்கே வாசித்துக் காட்டினேன். "எந்தம்பிய ஏன் நைனா சாவடிச்ச? அவன் மீஞ்சூர்ல பிரியாணி துன்னுகினு கீறான்!" தம்பியை எடுத்துவிட்டேன்.)

4

இன்று மத்தியானம் மழை கொட்டியது. தாமஸ் முன்சீட்டில், அப்சல் ஓட்ட, ஜீப்பு சந்துத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வெள்ளோட்டமாக மெயின்ரோடு வரை போயிற்று. சும்மா சொல்லக்கூடாது, நானும் விசில் அடித்தேன்.

திரும்பி வந்தபோது தாமஸின் கால்கள் கணுக்கால் வரை சாக்கடைத் தண்ணீரில். கதவில்லாத பக்கமாக அடித்த தண்ணீர், இறங்க வழியில்லாமல் நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் வடியவென்றே தரையில் இருந்த துளைகளையும் ஜோ அடைத்திருக்கிறான்!

அப்சல் கை டிரில்லை நீட்டினான். "எங்க அடச்சன்னு உனக்குத்தான் தெரியும் மாமு. ரெண்டு ஓட்ட போடு. தண்ணி ஏறுனா ரப்பர் வெச்சி மூடிக்கலாம்."

ஜோ டிரில்லை வாங்கிக்கொண்டு விரலால் இடத்தைக் காட்டினான். துளை போடக் கை வரவில்லை. "அடச்சிதான் பழக்கம்பா. தரையில எவனாவது ஓட்ட போடுவானா?"

தாமஸின் வீங்கி வெடித்த கால்களையே ஜானட் பார்த்தாள். "உள்ள வர்ற தண்ணிக்கு நா பயப்படல ஜோ. வெளிய போவாத தண்ணிதான் இவர கொல்லுது."

அந்த உவமையை நான் எழுதலாமென்று எடுத்து வைத்திருந்தேன். அவள் வாயில் அது உவமையாக இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

5

நாளைக் காலையில் டயாலிசிஸ். மழை விடவில்லை. ஜோ துளை போடுவதாக ஒரு முடிவு எழுதினேன். ஜானட் டிரில்லைப் பிடுங்கித் தானே போடுவதாக இன்னொன்று. இரண்டையும் ஜோவிடம் வாசித்தேன்.

"நீ எழுதிட்டா தகட்டுல ஓட்ட வுழுந்துடுமா?" என்று டிரில்லை என் கையில் திணித்தான்.

எனக்கு இதை எந்தப் பக்கம் பிடிப்பதென்றே தெரியாது. வாசிக்கிற நீங்கள் பிடியுங்கள். ஜோவின் விரல் இன்னும் இடத்தைக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது. தாமஸ் சீட்டிலேயே இருக்கிறார், இரண்டு காலையும் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு. ரொம்ப நேரம் அவரால் தூக்கிவைத்திருக்க முடியாது.