வீட்டுக்குள் ஹெல்மெட்

அல்சூர் ஏரிக்குப் பக்கத்துச் சந்தில், தையல் கடைக்கு மேலே இரண்டு அறைகள். மனைவியிடம் அடிவாங்கி ஓடிவரும் ஆண்களை எங்கள் டிரஸ்ட் அங்கேதான் தங்கவைக்கிறது. சொன்னால் ஊரே சிரிக்கிறது. சிரிக்கிறவர்களை இழுத்துவந்து, இஸ்திரிப் பெட்டி பதிந்த முதுகு ஒன்றைக் காட்ட எனக்குக் கை பரபரக்கும். நான் ஜூடித். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இங்கே காயம் கட்டுகிறேன்.

உமேஷ் ஹெல்மெட்டோடு வந்தான். ஸ்ரீராம்புரத்துப் பையன், சாப்பாடு டெலிவரி வேலை. உள்ளே வந்து உட்கார்ந்தும் கழற்றவில்லை. வீட்டிலும் அப்படித்தானாம், தூங்கும்போதுகூட. அவனுக்குக் கிறுக்கு என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்களாம்.

“இது இருந்தா மூஞ்சியில அடி விழாது, சிஸ்டர்,” என்றான்.

கெஞ்சிக் கூத்தாடிக் கழற்றவைத்து மருந்து போட்டேன். வலது கண் முன்பே போயிருந்தது. பூரிக்கட்டை. இடது கண்ணிலும் ரத்தம் கட்டியிருந்தது. இன்னொரு அடி பட்டால் அதுவும் போய்விடும் என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒற்றைக் கண்ணைக் காப்பாற்றிவிட வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

டிரஸ்டின் தலைவர் பத்ரிநாத் சாருக்கு வேறு ஆசை. பேங்க் மேனேஜராக இருந்தவர், தங்கமான மனுஷன், வாடகை முழுக்க அவர் கைக்காசு. ஆனால் புருஷன் பெண்டாட்டி என்றால் சேர்த்துவைத்தே தீருவார். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் உமேஷின் மனைவி அனுஷாவைப் போன் போட்டு வரவழைத்துவிட்டார்.

தலை குனிந்து வந்தாள். கையில் எவர்சில்வர் டிபன் கேரியர். புருஷனுக்குப் பிடித்த பிசிபேளே பாத் என்று சொல்லி அழுதாள். சாருக்குக் கண் கலங்கியது.

உமேஷ் மூலையில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தான்.

“என்னப்பா இது? சம்சாரம் அழுதுகிட்டு நிக்குது, நீ மூஞ்சிய மூடிகிட்டு உக்காந்திருக்கியே. கழட்டு. நாங்கல்லாம் இருக்கோம்ல?” என்றார் சார்.

“வேணாம் சார், அது பாட்டுக்கு இருக்கட்டும்,” என்றேன்.

“நீங்க சும்மா இருங்க, ஜூடித். முகம் பார்த்துப் பேசினாத்தான் எல்லாம் சரியாகும்.”

உமேஷ் என்னைப் பார்த்தான். சோறு போடுகிறவர் பேச்சை எப்படித் தட்டுவான்? கழற்றினான்.

கேரியர் அவன் முகத்தில் இறங்கியது. நான் பாய்வதற்குள் இன்னொரு முறை, அதே இடத்தில். அடுக்குகள் கழன்று சோறும் ரத்தமும் சிதறின. “என் மானத்த வாங்குறியா, நாயே? ஊரெல்லாம் சொல்றியா?” மூன்றாவது அடி என் மணிக்கட்டில் விழுந்தது. நான் அவள் கூந்தலைப் பிடித்து இழுத்தேன். உடனே ஜன்னல் பக்கம் திரும்பி, “ஐயோ, கொல்றாங்களே!” என்று அலறினாள்.

சந்திலிருந்து நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். கத்துகிறவள் பெண், கீழே கிடப்பவன் ஆண். வேறென்ன விசாரிக்க வேண்டும்? கிடந்தவன் வயிற்றிலேயே மிதித்தார்கள்.

“பொம்பள மேல கை வெப்பியாடா?”

அவன்மேல் விழுந்து மறைத்தேன். என் விலாவிலும் ரெண்டு உதை விழுந்தது. “அவன் இல்லப்பா, அவன் இல்லப்பா!” என்று கத்திக் கத்தி சாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் உமேஷ், “வண்டியிலேருந்து விழுந்துட்டேன்,” என்றான். அப்போதும் வெட்கம். இளம் டாக்டர் இமையைப் பிரித்து டார்ச் அடித்தார். வெகுநேரம் அடித்தார்.

“லைட் எப்போ அடிப்பீங்க, டாக்டர்?” என்று உமேஷ் கேட்டான்.

டாக்டர் டார்ச்சை அணைத்தார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “டெலிவரி பண்றவன்தானே நீ? ஏன்யா ஹெல்மெட் போடல? போட்டிருந்தா இந்தக் கண்ணு போயிருக்குமா?”

சட்டையில் சோற்றுப் பருக்கைகள் ஒட்டியிருக்க, பத்ரிநாத் சார்தான் வாயைத் திறந்தார்.

“போட்டுத்தான் இருந்தான், டாக்டர். நான்தான் கழட்டச் சொன்னேன்.”