டிரில் மாஸ்டர் மேல் ஒரு புகார்

1

இந்தக் கதை ஒரு போன் அழைப்பில் பிறந்தது. போலீஸ் பயிற்சிப் பள்ளியிலிருந்து என்றதும், "நான் ஒண்ணும் பண்ணலைங்க" என்றேன்.

"தெரியும் மேடம். உங்க கதைங்கள்ல குடும்பச் சண்டை பிரமாதமா இருக்குமாமே? எங்களுக்கு அஞ்சாறு சண்டை வேணும்."

புதிய பாடத்திட்டமாம். ஓட்டமும் அணிவகுப்பும் மட்டும் போதாது. புகார் சொல்ல வருபவரைப் பேசவிட்டுக் கேட்கவும் தெரிய வேண்டும். அதற்காக ஒரு வகுப்பறைக்குள் சோபா, டிவி, துணிக்கொடியோடு பொய் வீடு. நான் எழுதும் புகாரை ஒரு நடிகை சொல்வார். அவர் "அவ்வளவுதான்" என்று முடிக்கும்வரை போலீஸ்காரர் குறுக்கே பேசக் கூடாது.

2

மைதானத்தில் பனி விலகாத அந்தக் காலையில், இரும்பு மனிதரான டிரில் மாஸ்டர்

[இந்த வரியைப் பாதியிலேயே அடித்துவிட்டேன். அவர் இரும்பு இல்லை. தொண்டைதான் இரும்பு.*]

பயிற்சி தரும் ஆசிரியர்களுக்கும் இந்தப் புகார் கேட்கும் தேர்வு உண்டு. தேறாதவர் மைதானத்தை விட்டுவிட்டு ஸ்டோரில் பூட்ஸ் அடுக்கப் போக வேண்டும். டிரில் மாஸ்டருக்கு மைதானம்தான் உயிர். முதல் முயற்சியில், அழுதுகொண்டிருந்த நடிகையிடம் கனிவாகத்தான் "உட்கார்!" என்றார். நடிகை திகைத்து நின்றார். வேடிக்கை பார்த்த பயிற்சிக் காவலர்கள் அத்தனை பேரும் பொத்தென்று தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

மிச்சம் ஒரே ஒரு வாய்ப்பு.

* "மெதுவா பேசுங்க" என்றால், "மெதுவாத்தானே பேசறேன்!" என்பார். மரத்துக் காக்கைகள் பறந்துவிடும்.

3

மறுதேர்வு அன்று நடிகைக்குக் காய்ச்சல். (நான்தான் வரவழைத்தேன். கதை எழுதுகிறவளுக்கு இந்த அதிகாரம்கூட இல்லையென்றால் எப்படி?) அவருக்குப் பதிலாகச் சோபாவில் வந்து உட்கார்ந்தவர், அதே வளாகத்தில் சீருடை தைக்கும் அம்மா. டிரில் மாஸ்டரின் மனைவி. நான் எழுதிக் கொடுத்த தாளை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"சார், என் வீட்டுக்காரர் மேல ஒரு புகார்."

டிரில் மாஸ்டரின் காது சிவந்தது.

"பசிக்குதுன்னு சொல்ல மாட்டாரு சார். 'தட்டு!'ம்பாரு. ரோட்டுல பத்தடி முன்னாடியே போவாரு. பாட்டு கத்துக்கறேன்னேன், விசில் கத்துக்கோன்னாரு."

பயிற்சிக் காவலர்கள் சிரிப்பை விழுங்கினார்கள். டிரில் மாஸ்டரின் வாய் திறந்தது. தேர்வு அதிகாரியம்மா பேனாவை எடுத்தார். வாய் மூடிக்கொண்டது.

"கல்யாணத்துக்கு முந்தி, பஸ் ஸ்டாப்புல என்னைப் பாத்தா நாக்கு ஒட்டிக்கும் அவருக்கு. நான் பேசிட்டே இருப்பேன், கேட்டுட்டே நிப்பாரு. வர்ற பஸ்ஸையெல்லாம் விட்டுடுவோம். அந்த மனுஷனைக் காணோம் சார். எங்கயாச்சும் பாத்தா கண்டுபிடிச்சுக் குடுங்க."

4

முடிவு ஒன்று: அந்த அம்மா "அவ்வளவுதான்" என்கிறார். கணவர் தேறிவிடுகிறார். [என் பதிப்பாளருக்குப் பிடிக்கும்.]

முடிவு இரண்டு: கணவர் பொறுக்கமாட்டாமல், "இங்கதான்டி இருக்கேன்!" என்று கத்திவிட்டு ஸ்டோருக்குப் போகிறார். [எனக்குப் பிடிக்கும்.]

இரண்டையும் எழுதிவிட்டு நிமிர்ந்தேன். சோபா நுனியில் கண் கலங்க டிரில் மாஸ்டர் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மணி அடித்தது. ஒருவரும் எழவில்லை.

"முடிச்சுக்கலாமாம்மா?" என்றேன்.

"சும்மா இருங்க மேடம். இப்பத்தான் கேக்க ஆரம்பிச்சிருக்காரு."

என் கதையிலிருந்தே என்னை வெளியேற்றிவிட்டார். நான் எழுந்த பெஞ்சில் இடம் இருக்கிறது. சத்தம் போடாமல் வந்து உட்காருங்கள். அந்த அம்மா சொல்லி முடித்ததும், என்ன ஆயிற்றென்று எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.