செல்லுக்குத் தீர்த்தம்

ஆயுத பூஜையன்று எங்கள் பேராசிரியர் விஸ்வேஸ்வரன் மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம் வைத்தார், இன்குபேட்டருக்கு மாலை போட்டார். அந்த மேதை அதோடு விட்டிருக்கலாம். "நமக்குச் சோறு போடுறது இந்தச் செல்லுதானே!" என்று மனித செல்கள் வளரும் குப்பிகளைத் திறந்து, ஒவ்வொன்றிலும் கோயில் தீர்த்தம் ஒரு சொட்டு விட்டார். "கிருமி புகுந்துடும் சார்" என்று ஆராய்ச்சி மாணவியான நான் தடுத்தேன். "நீ சும்மா இரு ஸ்யாமளா" என்றார்.

1951-இல் புற்றுநோயில் இறந்துபோன ஓர் அமெரிக்கப் பெண்ணின் செல்கள் அவை. போலியோ தடுப்பூசியைச் சோதிக்க உதவியவை. உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் சாகாமல் பெருகிக்கொண்டிருப்பவை. மதுரையில் செத்துப்போயின. பூஜை விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், குப்பிகள் எல்லாவற்றிலும் பூஞ்சை.

பேராசிரியர் குப்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அன்னைக்குத் தீட்டோட உள்ள வந்தியா?"

"சார், இந்தச் செல்லை எடுத்ததே ஒரு பொம்பளையோட கர்ப்பப்பை வாயில இருந்துதான்."

குப்பியைச் சட்டென்று கீழே வைத்துவிட்டுப் போய், சோப்புப் போட்டுக் கை கழுவினார். அந்த ஆய்வுக்கூடத்தில் அவர் கை கழுவி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.