கட்டிலிலிருந்து விழுந்த பிள்ளை

ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்களில் பூங்காக் காவலாளிக்கு இருந்த ஒரே வேலை, யாரையும் உள்ளே விடாமல் பார்த்துக்கொள்வது. அதை அவர் கொஞ்சம் அதிகமாகவே செய்தார். பந்தைத் தேடி ஒரு பையன் வேலிப் பக்கம் எட்டிப் பார்த்தால் போதும், காது கிழிகிற மாதிரி விசில் பறக்கும். அதனால் தெருப் பிள்ளைகள் அவருக்கு விசில் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெரியவர்களும் அவர் காதில் விழாமல் அப்படித்தான் சொன்னார்கள்.

விசிலுக்கும் ஆறு வயதில் ஒரு மகள் இருந்தாள். அங்கேதான் சிக்கல். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். மனைவிக்கு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. ஊரடங்கு என்றால் ஊர் சாப்பிடாமல் இருந்துவிடுமா, அவளுக்கு மட்டும் லீவே கிடையாது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல், யாருக்கும் தெரியாமல் அவளையும் பூங்காவுக்கே கூட்டி வந்தார். காவலறையில் ஒரு ஸ்டூல், கொஞ்சம் கலர் பென்சில், ஒரு சன்னல். சன்னலுக்கு நேர் எதிரே சறுக்குமரம். எந்தப் புண்ணியவான் அதை அங்கே கொண்டுபோய் வைத்தானோ தெரியவில்லை.

"ஒரே ஒரு தடவைப்பா."

"கூடாதும்மா. உள்ள ஆள் இருக்கறது தெரிஞ்சா அப்பாவுக்கு வேலை போயிடும்."

அது சும்மா பயமுறுத்தல் இல்லை. இன்னொரு பூங்காவின் காவலாளி தன் மச்சானை நடைப்பயிற்சிக்கு உள்ளே விட்டார். மச்சானின் தொப்பை அப்படியே இருந்தது, அவர் வேலைதான் போனது. அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவர் நம் விசில்.

ஆனால் தினமும் சன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கிற பிள்ளையை எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பது? அவருக்கும் மனசு கேட்கவில்லை. ஒரு மத்தியானம், தெருவில் ஈ காக்கை இல்லாத நேரமாகப் பார்த்து, "சத்தம் போடாம ஏறு" என்றார். அவள் பூனை மாதிரி ஏறி உச்சியில் நின்று அவரைப் பார்த்துக் கையாட்டினாள். அந்தச் சமயம் பார்த்து வேலிக்கு மேலே இரண்டு தலைகள் முளைத்தன. பழக்கதோஷம், மனுஷன் ஓங்கி ஊதிவிட்டார். தலைகள் மறைந்தன. தன்னைத்தான் விரட்டுகிறார் என்று மகள் பதறித் திரும்பினாள். கால் வழுக்கிப் பக்கவாட்டில் வந்து விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையோடு ஒருவருக்குத்தான் அனுமதி. டாக்டரம்மா தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு கண்ணாக மட்டும் இருந்தார். இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. காதுக்கு மேலே எலுமிச்சம்பழம் போல ஒரு புடைப்பு.

"எப்படி விழுந்தா?"

"கட்டில்ல இருந்து, டாக்டர்."

"இப்போ எல்லாமே கட்டில், சோபா, மாடிப்படிதான். வெளிய விடாம வெச்சா பிள்ளைங்க வீட்டுக்குள்ளயே விழுந்து எழுந்து வருதுங்க." அவர் குரலில் களைப்பு இருந்தது. கையை மெதுவாகத் தொட்டுப் பார்த்தார், கண்ணுக்குள் விளக்கடித்தார். மகளிடம் பெயர் கேட்டார், வயது கேட்டார், என்ன கிழமை என்று கேட்டார். மகள் விழித்தாள். "அது எனக்கே மறந்து போச்சு, விடு" என்று டாக்டரம்மா சிரித்தார். "சரி, நீ எப்படி விழுந்தே? சொல்லு பாப்போம்."

"சறுக்குமரத்துல இருந்து."

பொய் சொல்லிப் பழக்கம் இருந்திருந்தால் கூட்டாளியிடம் முன்னாடியே சொல்லி வைத்திருப்பார். விசிலுக்கு அந்த வித்தை தெரியவில்லை.

"எந்த சறுக்குமரம்?"

"பூங்காவுல. இப்பதான். மேல ஏறினேன், டமால்னு விழுந்துட்டேன்."

டாக்டரம்மாவின் விளக்கு அப்படியே நின்றது. "பூங்காவெல்லாம் பூட்டி ரெண்டு மாசம் ஆச்சே" என்று அவரைப் பார்த்தார்.

"ஆமா டாக்டர்." முகக்கவசம் போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று. "ஏதோ பழைய ஞாபகத்துல சொல்றா போல."

"இல்லப்பா! நீதானே ஏறச் சொன்னே?"

"கட்டில்ல இருந்துதாம்மா விழுந்தே. நல்லா யோசிச்சுப் பாரு."

மகள் அவரையே பார்த்தாள். அப்புறம் வாயை மூடிக்கொண்டாள். அதன் பிறகு டாக்டரம்மா எது கேட்டாலும் பதில் இல்லை.

டாக்டரம்மா அவரைத் தனியே கூப்பிட்டுப் போனார். "தலையில அடிபட்ட பிள்ளை நடக்காததை நடந்ததா சொல்றா. இப்போ பேச்சையே நிறுத்திட்டா. எனக்கு இது சரியாப் படலை. உள்ள ரத்தம் கசியுதான்னு பார்க்கணும். ஸ்கேன் பெரிய ஆஸ்பத்திரியிலதான் இருக்கு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிடறேன்."

"நானும் கூட வரலாம்ல?"

"அங்க தொற்று வந்தவங்க நிறைஞ்சு கிடக்காங்க. துணைக்கு யாரையும் விடறதில்லை. பாப்பா மட்டும்தான் போகணும்."

விசில் நடைவழிக்கு வந்து மனைவிக்குப் போன் அடித்தார். வேலை நேரத்தில் தொழிற்சாலையில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று தெரிந்தும் திரும்பத் திரும்ப அடித்தார். நாலு வசவு வாங்கினாலாவது தைரியம் வந்திருக்கும். வேலை போனால் இந்த நேரத்தில் வேறு எவன் வேலை கொடுப்பான்? கடைகள் பூட்டிக் கிடக்கின்றன, உள்ளவர்களையே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஸ்கேன்தானே, எடுத்தால் நல்லதுதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்தச் சமாதானம் அவருக்கே கேவலமாகப் பட்டது.

கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். நர்ஸ் மகளைக் கம்பளியில் சுற்றிக்கொண்டிருந்தாள். அப்பா எங்கே என்று மகள் கேட்கவில்லை, வாசல் பக்கம் திரும்பவும் இல்லை. நல்ல கையால் வீங்கின கையைப் பிடித்துக்கொண்டு, எங்கே அனுப்பினாலும் போகத் தயார் என்பது போல உட்கார்ந்திருந்தாள். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டரம்மாவைத் தேடி ஓடினார். "டாக்டர், எம்பொண்ணுக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு. அவ சொன்னதுதான் நிஜம். பூங்காவுலதான் விழுந்தா. அங்க காவலாளி நான்தான். நான்தான் ஏறச் சொன்னேன்."

"எவ்வளவு உயரம்?"

"என் தலைக்கு மேல ஒரு முழம் இருக்கும்."

"ஏங்க, உங்களுக்கு அறிவிருக்கா? கட்டில் உயரம்னு சொல்றீங்க! நான் எதை வெச்சு வைத்தியம் பார்க்கறது?" டாக்டரம்மா மூச்சு வாங்கினார். "பிள்ளையைத் தனியா அனுப்ப மனசில்லாம இப்படி மாத்திச் சொல்றாங்க சில பேர். உங்களை எப்படி நம்பறது? அவளையே கேக்கறேன், வாங்க."

கட்டிலருகே குனிந்தார். "கண்ணு, மறுபடியும் ஒரு தடவை சொல்லு. எங்கேருந்து விழுந்தே?"

மகள் முதலில் அப்பாவைப் பார்த்தாள். பிறகு தெளிவாகச் சொன்னாள். "கட்டில்ல இருந்து."

"சறுக்குமரம்னு சொன்னியே?"

"இல்ல, சும்மா சொன்னேன். எங்கப்பா பூங்காவுக்குள்ள யாரையும் விடமாட்டாங்க."

 டாக்டரம்மாவின் கண்ணில் இருந்த கோபம் எங்கோ போய்விட்டது. விசில் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்தார்.

"அம்மாடி, நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீ மறைக்க வேணாம்."

"சொல்லிட்டியா?" அவள் குரல் தாழ்ந்தது. "வேலை போயிடும்னு சொன்னியேப்பா."

"போனா போகட்டும்."

"அப்போ நான் பொய் சொல்லலதானே?"

"நீ சொல்லலடா. நான்தான் சொன்னேன்."

டாக்டரம்மா நிமிர்ந்து நர்ஸிடம் சொன்னார். "ஆம்புலன்ஸ் வேணாம்னு சொல்லிடுங்க. உயரம் அதிகம்தான், ஆனா பேச்சு, ஞாபகம் எல்லாம் தெளிவா இருக்கு, வாந்தியும் இல்லை. கைக்கு எக்ஸ்ரே எடுத்துட்டு நாளைக்கு வரைக்கும் இங்கேயே வெச்சுப் பார்ப்போம். கொஞ்சம் மயக்கமா இருந்தாக்கூட அனுப்பிடலாம்." பிறகு அவரிடம் திரும்பினார். "பூங்காவுல விழுந்தான்னுதான் நான் எழுதணும். மேல இருந்து விசாரிப்பாங்க."

"எழுதுங்க டாக்டர். நான்தான் உள்ள விட்டேன்னும் சேர்த்து எழுதுங்க."

அதைக் கேட்டதும் மகளின் உதடு பிதுங்கியது. விழுந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், வார்டே திரும்பிப் பார்க்கும்படி ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

"கை ரொம்ப வலிக்குதுப்பா. அப்பவே இருந்து வலிக்குது."