எட்டுப் பெட்டிகளும் ஒற்றைக்கண்ணும்

“பெட்டிய வெச்சுட்டு நகருடா” என்றாள் மருந்துக்கடை அக்கா, மூன்றாவது தடவையாக. முதல் இரண்டு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது. இது படியிறங்கி வாசல்வரை வந்துவிட்டது. வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்றிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். துக்க வீட்டில் காது கொடுப்பது தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் யாரும் அங்கிருந்து நகரவில்லை.

“நான் என்ன எனக்கா கேக்குறேன்? அண்ணனோட கடைசி ஆசை. நான் கட்டாம வேற யார் கட்டுறது? இதுல எது தலை எது கால்னு உனக்குத் தெரியுமா?”

இது அவள் தம்பி. தெருவில் அவருக்குப் பெயர் நிபுணர். கம்ப்யூட்டரில் விளையாடி அதை ஊருக்கெல்லாம் நேரலையில் காட்டுவது தொழில். குழாய் ஒழுகினாலும், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் அவரிடம் ஓர் அபிப்பிராயம் இருக்கும். கேட்காவிட்டாலும் இருக்கும்.

இருவருக்கும் மூத்தவரான அண்ணன் கூடத்தில் கிடந்தார். நேற்றுக் காலை, பல் விளக்கிவிட அக்கா கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்தபோது போயிருந்தார். நாற்பத்தாறு வயது. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. அந்தத் தூள்தான் நுரையீரலில் போய் உட்கார்ந்துவிட்டது என்பது அத்தையின் கட்சி. சிகரெட் என்பது தெருவின் கட்சி. இரண்டுமாகவும் இருக்கலாம்.

சண்டை அவரைப் பற்றியதல்ல. உள்ளறையில் கட்டில் காலடியில் அடுக்கியிருந்த, கம்ப்யூட்டர் பாகங்கள் வந்த எட்டு அட்டைப் பெட்டிகளைப் பற்றியது. கடைசியாகக் கிராபிக்ஸ் கார்டு நேற்று மத்தியானம்தான் வந்து சேர்ந்தது. கையெழுத்துப் போட வேண்டியவர் அப்போது ஐஸ் பெட்டியில் இருந்தார். அக்கா போட்டாள்.

அந்த எட்டுப் பெட்டிகளை அண்ணன் தேர்ந்தெடுத்த கதை தெருவுக்கு ஓரளவு தெரியும். ஏழு மாதம் எடுத்துக்கொண்டார். பெண் பார்க்கப் போயிருந்தால்கூட அந்த மனிதர் இவ்வளவு யோசித்திருக்க மாட்டார். லென்ஸில் அரை மில்லிமீட்டருக்குச் சண்டை போடுகிறவர், கம்ப்யூட்டரில் விடுவாரா? பிராசஸரின் தலைமேல் உட்காரும் மின்விசிறிக்காக மட்டும் பதினைந்து நாள். ஆக்சிஜன் மெஷின் இரவும் பகலும் இரைந்துகொண்டிருக்கிறது, இதுவும் சேர்ந்து இரையக் கூடாது என்பார். மூன்று விசிறிக் கார்டு கேபினட்டில் இடிக்கிறது, இரண்டு விசிறிக் கார்டு சூடாகிறது என்று மாற்றி மாற்றி எழுதுவார். கை நடுங்கும். எழுத்து தப்பித் தப்பிப் போகும். அக்கா மருந்துக்கடையிலிருந்து வந்ததும் அதை நல்ல தாளில் படியெடுத்துத் தர வேண்டும். மருத்துவர் எழுத்தையே படிக்கிறவள் என்பதால் அவளுக்குக் கஷ்டமில்லை. அப்படி எழுதி எழுதித்தான் எது எதற்குள் போகும், எது எதோடு சேராது என்பதெல்லாம் அவளுக்குப் பழக்கமானது. நிபுணருக்கு மட்டும் அது தெரியாது.

இத்தனை பாடு எதற்கென்றால், பெயருக்காக.

ஒரு போர் விளையாட்டில் அண்ணனுக்கு ஒற்றைக்கண் என்று பெயர். கண்ணாடிக்கடைக்காரர் வைத்துக்கொண்ட வேடிக்கை. பதினோரு வருடம் அந்தப் பெயரை வளர்த்தார். கவசம், வாள், குதிரை எல்லாம் ஒவ்வொரு சண்டையாக வென்று சேர்த்தது. நான்கு வருடத்துக்கு முன் முதல் ஆபரேஷனுக்குப் போனபோது, தினமும் உள்ளே போகாவிட்டால் புள்ளிகள் குறையும் என்று தம்பியிடம் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால் பாஸ்வேர்டு மாறியிருந்தது. ஒற்றைக்கண் ஒரு பெரிய போட்டியில் ஜெயித்திருந்தது. கோப்பையோடு படத்தில் சிரித்தவர் நிபுணர்.

அண்ணன் சத்தம் போடவில்லை. தம்பியோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். புதுப் பெயரில், பழைய மெஷினில், அடிமட்டத்திலிருந்து ஆரம்பித்தார். ஒற்றைக்கண்ணோடு மோதும் அளவுக்கு மேலே வந்தபோது மெஷின் திணறியது. திரை ஒரு விநாடி உறையும். அதற்குள் ஒற்றைக்கண் வெட்டிவிடும். தான் வென்ற வாள், தன் கழுத்தில். அன்றைக்குத்தான் முதல் தாளை எடுத்து எழுத உட்கார்ந்தார்.

“ஒரே ஒரு தடவை அவனக் கீழ தள்ளிட்டாப் போதும். அப்புறம் படுத்துக்குறேன்” என்று அவளிடம் சொல்லியிருந்தார்.

இப்போது தம்பி மதர்போர்டுப் பெட்டியின் ஒரு முனையையும் அக்கா மறு முனையையும் பிடித்திருந்தார்கள். வண்டி வந்துவிட்டது, இரண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுங்கள் என்று அத்தை வந்து நின்றாள். நிபுணர் அத்தையிடமே வழக்கை எடுத்துச் சொன்னார். சாயங்காலம் நேரலையில் தானே கட்டி, அண்ணனுக்கு அஞ்சலி செலுத்தப் போவதாக அறிவித்தாகிவிட்டதாம். பல ஆயிரம் பேர் காத்திருக்கிறார்களாம்.

அக்கா பெட்டியைப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருந்தது. பிறகு தோளில் தொங்கிய கைப்பையை ஒருமுறை இறுக்கிப் பிடித்தாள். பிடியை விட்டுவிட்டாள்.

“எடுத்துக்க. நீதானே நிபுணர்.”

இவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுப்பாள் என்று எதிர்பார்க்காத நிபுணர் பெட்டியோடு இரண்டடி பின்னால் போய்க் கதவில் இடித்துக்கொண்டார். துக்கத்தில் மனசு இளகிவிட்டது என்று அத்தை பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னாள்.

இளகவில்லை. சங்கதி இதுதான். அண்ணன் ஆசைப்பட்ட மதர்போர்டு கடையில் ஒன்றே ஒன்று, பழைய இருப்பில் கிடந்தது. அதன் உள்ளே எழுதியிருக்கும் நிரல், புதுப் பிராசஸர் பிறப்பதற்கு முன்னால் எழுதியது. புதியதை நேராகப் பொருத்தினால் போர்டு அதை யாரென்றே கேட்காது. முதலில் பழைய பிராசஸர் ஒன்றை வைத்து உயிர் கொடுத்து, நிரலைப் புதுப்பித்து, அதைக் கழற்றிவிட்டுத்தான் புதியதை வைக்க வேண்டும். கம்ப்யூட்டர் கடைக்காரர் இதை நாலு தடவை சொல்லி, சீட்டும் ஒட்டி, திருப்பித் தர வேண்டும் என்ற பேச்சில் ஒரு பழைய பிராசஸரையும் கொடுத்திருந்தார். அது அக்காவின் கைப்பைக்குள், இருமல் மாத்திரை டப்பாவில், பஞ்சுக்கு நடுவில் இருந்தது.

அண்ணனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு எல்லோரும் திரும்பியபோது மணி மூன்று. நாலு மணிக்கு நிபுணர் உள்ளறையில் விளக்கும் கேமராவும் வைத்துவிட்டார். வெறுங்கட்டில் படத்தில் தெரிய வேண்டும் என்பதற்காக மேஜையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார். கறுப்புச் சட்டை. தலைமுடியில் ஏதோ தடவியிருந்தார். அக்கா கதவோரம் சுவரில் சாய்ந்து கைகட்டி நின்றாள். அன்று முழுக்க அவள் உட்காரவே இல்லை.

நிபுணர் தொண்டை கம்ம ஆரம்பித்தார். விளையாட்டு என்றால் என்னவென்றே தெரியாத ஓர் எளிய அண்ணன். இந்தத் தம்பி ஒற்றைக்கண்ணாக ஜெயிப்பதை வேடிக்கை பார்த்துப் பார்த்து, சாகும் காலத்தில் தானும் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று ஆசைப்பட்டாராம். பாகங்களையெல்லாம் இந்தத் தம்பிதான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாராம். திரையோரத்தில் அழுகைப் பொம்மைகள் மழையாகக் கொட்டின. அக்கா கட்டிலின் தலையணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் பள்ளம் அப்படியே இருந்தது.

மதர்போர்டுப் பெட்டியைத் திறந்தபோது சீட்டு கிழிந்து மேல்மூடியோடு போனது. கையேட்டை எடுத்துக் கேமராவுக்குக் காட்டிவிட்டுத் தோளுக்குப் பின்னால் வீசினார்.

“இதெல்லாம் கத்துக்குட்டிங்களுக்கு.”

கைவேலை சுத்தமாகத்தான் இருந்தது, அதில் குறை சொல்ல முடியாது. பிராசஸர், மேலே விசிறி, ரேம், கார்டு என்று வரிசையாக ஏறின. ஐந்தரை மணிக்குப் பொத்தானை அழுத்தினார். விசிறிகள் சுழன்றன. சத்தமே இல்லை, அண்ணன் சொன்ன மாதிரியே. திரை மட்டும் இருட்டாக இருந்தது.

நிபுணர் சிரித்தார். ரேமைக் கழற்றி மாட்டினார். இருட்டு. கேபிளை மாற்றினார். இருட்டு. கார்டைக் கழற்றித் துடைத்தார், ஊதினார், திரும்பச் செருகினார். இருட்டு. பார்க்கிறவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. அஞ்சலியைவிட இதில் ருசி அதிகம். அழுகைப் பொம்மைகள் போய்ச் சிரிப்புப் பொம்மைகள் வந்தன. நீங்கள் தேர்ந்தெடுத்ததுதானே, உங்களுக்கே தெரியாதா என்று யாரோ கேட்டிருந்தார்கள். வியர்வை கறுப்புச் சட்டையிலும் தெரிந்தது.

ஆறு மணிக்கு வேறு வழியில்லாமல் கதவுப் பக்கம் திரும்பினார். குரலில் தேன்.

“அக்கா, அண்ணன் இதப் பத்தி ஏதாவது சொன்னாராக்கா?”

“சொன்னாரு.”

“என்ன சொன்னாரு?”

அவள் வந்து கேமராவுக்கு முன்னால் நின்றாள். எதை நோக்கிப் பேசுவதென்று தெரியாமல் விளக்கைப் பார்த்துப் பேசினாள்.

“ஒத்தக்கண்ணு யாருன்னு இவங்ககிட்ட சொல்லச் சொன்னாரு.”

அண்ணன் அப்படிச் சொல்லவே இல்லை. அவள் அதற்கு முன் பொய் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை.

நிபுணர் மைக்கைப் பொத்தினார். வீட்டு விஷயத்தை இங்கே எதற்கு இழுக்கிறாய் என்று உதட்டை மட்டும் அசைத்தார். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. மருந்துக்கடையில் எத்தனை வேளை என்று சொல்வதுபோல் எல்லாவற்றையும் சொன்னாள். பதினோரு வருடம், ஆபரேஷன், மாறிப்போன பாஸ்வேர்டு, கோப்பை. மைக்கைப் பொத்தினால் ஒருவர் குரல் அடங்கலாம். கேமராவில் தெரிந்த நிபுணரின் முகம் அடங்கவில்லை. செய்திகள் படிக்க முடியாத வேகத்தில் ஓடின. எல்லாவற்றிலும் ஒரே கேள்வி, ஒற்றைக்கண் யார்?

“பாஸ்வேர்ட எழுதிக் குடு. இது ஏன் எரியலன்னு சொல்றேன்.”

“அக்கா, இது என் பொழப்புக்கா.”

“அவருக்கு அது மட்டும்தான்டா இருந்தது.”

எழுதிக் கொடுத்தார். தாளை வாங்கிப் பார்த்தாள். நிபுணர் என்ற பட்டத்தோடு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பதினோரு வருடத்துக்கு அவ்வளவுதான் பூட்டு. அங்கேயே நின்று செல்போனில் உள்ளே போய், பாஸ்வேர்டை மாற்றி, அது மாறிவிட்டதா என்று இன்னொரு முறை சரிபார்த்தாள். அப்புறம் தரையில் கிடந்த மேல்மூடியை எடுத்துச் சீட்டை அவரிடம் நீட்டினாள். நிபுணர் படித்தார். வாய்விட்டுப் படிக்கவில்லை.

“பழைய பிராசஸர் எங்க?”

“என் பையில.”

“குடு.”

“எரியாததுக்குக் காரணம் சொல்றேன்னுதான் சொன்னேன்.”

பொத்தானை அழுத்தி மெஷினை அணைத்தாள். கேமரா விளக்கும் அணைந்தது. அதை அணைத்தது நிபுணர். இரண்டும் அடங்கிய பிறகும் அறையில் ஓர் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் மெஷினைப் பார்த்தார்கள். கட்டிலுக்குப் பின்னால் ஆக்சிஜன் மெஷின், நேற்றுக் காலையிலிருந்து யாரும் நிறுத்தாமல், காலியான தலையணைமேல் ஊதிக்கொண்டிருந்தது. அக்கா குனிந்து அதை நிறுத்தினாள். குழாயை நிதானமாகச் சுற்றி ஆணியில் மாட்டினாள்.

அதற்கப்புறம் நடந்தது தெருவுக்கே தெரியும். நிபுணர் ஆறு மாதத்தில் அவருடைய நேரலையைப் பார்க்காத ஒரே பெண்ணாகத் தேடிக் கல்யாணம் செய்துகொண்டு மாமனார் ஊருக்குப் போய்விட்டார். அங்கே ஏதோ கிடங்கில் வேலை என்கிறார்கள். ஓய்வில் புதுப் பெயரில், அடிமட்டத்திலிருந்து விளையாடுகிறாராம். அக்கா பழைய பிராசஸரைத் திருப்பிக் கொடுக்க கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள். ஒரு பொருளைத் திருப்பிக் கொடுக்க ஒன்பது தடவை போக வேண்டியிருந்தது. கடைக்காரர் மனைவியை இழந்தவர், கலகலப்பில்லாத ஆள், அத்தைக்குப் பிடிக்கவில்லை. போன வருடம் இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு கடைக்கு மேலேயே குடிபோனார்கள். எட்டுப் பெட்டிகளும் ஒரே பெட்டியாகி அவளோடு போயின.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஒற்றைக்கண் விளையாட்டுக்குள் வருகிறதாம். யாரோடும் சண்டைக்குப் போவதில்லை. ஆற்றங்கரையில் ஒரு மரத்தடியில் தண்ணீரைப் பார்த்து நிற்கிறது. அக்காவுக்கு அதை நடக்கவைக்கத் தெரியாது, குதிரை ஏற்றத் தெரியாது. வெட்டும் விசை ஒன்றை மட்டும் கற்றுவைத்திருக்கிறாள். ஒருநாள் புதுப் பெயர்க்காரன் ஒருவன் ஆயுதமில்லாமல் பக்கத்தில் வந்து நெடுநேரம் நின்றிருக்கிறான். யாரென்று எப்படித் தெரிந்ததோ. ஒரே வெட்டு. விழுந்தவன் மறைந்ததும் ஒற்றைக்கண் மறுபடி ஆற்றைப் பார்த்து நின்றுகொண்டதாம்.