பிரியாணி தின்ற ரப்பர் நாய்

மனிதகுலம் முதலில் நெருப்பைக் கண்டது. பிறகு சக்கரத்தைக் கண்டது. மூன்றாவதாக, வெள்ளானூருக்கு அப்பால் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியில் அலெக்சாண்டரைக் கண்டது. மயக்கவியல் துறைத் தலைவர் டாக்டர் இளங்கோ தமது உரையை இப்படித்தான் தொடங்கினார். அலெக்சாண்டர் ஒரு ரப்பர் நாய். மூச்சு விடும், இதயம் துடிக்கும், மயக்க மருந்தைத் தப்பாகக் கொடுத்தால் செத்தும் போகும். அன்று கரண்ட் போனதால், உரை முடிவதற்குள்ளேயே ஒரு தடவை செத்துப்போயிருந்தது.

இறுதியாண்டு மாணவர்களின் செய்முறைத் தேர்வு இனி இந்த நாயை வைத்துத்தான்.

"எல்லாத்தையும் நிஜம்னு நினைச்சு செய்யணும். ரப்பர்னு நினைச்சா பெயில்" என்று இளங்கோ அறிவித்தார். நிஜத்தில் குறை இருக்கக்கூடாதே! நாயின் சொந்தக்காரராக நடிக்க, விடுதியில் சமைக்கும் பஞ்சவர்ணத்தைக் கூட்டிவந்து மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்த்தியிருந்தார்.

அண்ணனூர் தேவிப்பிரியாவுக்கு இது மூன்றாவது முயற்சி. முந்தைய இரண்டு முறையும் நிஜ நாயைக் கண்ட பயத்தில் சிரிஞ்சைத் தரையில் போட்டுவிட்டாள். இன்றும் கோட்டை விட்டால் ஒரு வருடம் வீண். அதைவிடக் கொடுமை, மாமா கோதண்டம் முந்திக்கொண்டு 'டாக்டர் தேவிப்பிரியா'வை வாழ்த்தி ரயில் நிலையத்துக்கு எதிரே பேனர் கட்டிவிட்டார்.

அவளுக்கு முன்னால் போனவர்கள் அத்தனை பேர் கையிலும் அலெக்சாண்டர் உயிரை விட்டிருந்தது. தமிழரசு வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"ஊசிய எடுத்தேன் தேவி, அவ்ளோதான். பயத்துலயே போயிடுச்சு போல."

தேவிப்பிரியா உள்ளே போனாள். இளங்கோவும், வெளிக் கல்லூரியிலிருந்து தேர்வாளராக வந்திருந்த டாக்டர் ஹேமாவதியும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவளுக்குப் படித்ததெல்லாம் மறந்துபோயிற்று. கொஞ்சம் நேரம் கடத்தலாமென்று பஞ்சவர்ணத்தின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, நாய் காலைல ஏதாச்சும் சாப்டுச்சா?"

இவ்வளவு நேரம் யாரும் ஒரு வார்த்தை கேட்காமல் வாடிக் கிடந்த பஞ்சவர்ணம் மலர்ந்தார்.

"துன்னாம இன்னா? ஆவடில வாங்கின பிரியாணி மீந்துச்சு. காத்தால ஒரு குண்டான் காலி பண்ட்டு இப்பத்தான் படுத்துகினு கீது."

தேவிப்பிரியா சிரிஞ்சைத் தட்டிலேயே விட்டுவிட்டாள். வயிறு நிறைந்த நாயை மயக்கினால் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். முதல் பாடம் அது. அது மட்டும் ஞாபகத்துக்கு வந்தது.

"இன்னிக்கு ஊசி போட முடியாதும்மா. ராத்திரியிலர்ந்து எதுவும் குடுக்காம நாளைக்குக் கூட்டிட்டு வாங்க."

"சரிங்க டாக்டரம்மா. ஏந்திரிடா மணி."

இளங்கோ துள்ளி எழுந்தார். "மணியா? அலெக்சாண்டர்! ஏம்மா, பட்டினின்னுதானே சொல்லச் சொன்னேன்?"

"பெத்த புள்ளையாட்டம் வளக்கிறேன் சார். பட்டினி போட்டேன்னு சொன்னா நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

"அதுக்கு வயிறே இல்லம்மா!"

"வாய் கீதுல்ல? வாய் இருந்தா துன்னாம இருக்குமா?"

"மேடம், நீங்களே சொல்லுங்க. அது வெறும் ரப்பர்…"

"பார்த்துப் பேசுங்க சார்" என்றார் ஹேமாவதி. "அப்படி நினைச்சா பெயில்." பிறகு பஞ்சவர்ணத்திடம், "முன்னாடி வந்தவங்க யாராச்சும் இதைக் கேட்டாங்களா?"

"ஒருத்தரும் கேக்கல மேடம். காத்தால ஊசி போட்டு செஞ்சு காமிச்சாரே, சாரும் கேக்கல."

இளங்கோ உட்கார்ந்தார். அலெக்சாண்டரின் தலைமாட்டிலிருந்த திரை அன்று முதன்முறையாகப் பச்சையாக மின்னியது: நோயாளி நலம். முழு மதிப்பெண்.

வராந்தாவில் விசில் பறந்தது. தமிழரசு தேவிப்பிரியாவின் வெள்ளைக் கோட்டை வாங்கித் தலைக்கு மேலே சுழற்றினான். கோதண்டம் மாமா போனிலேயே அழுதார். மற்றவர்களுக்கு மறுதேர்வு என்றார் ஹேமாவதி. வாசலில் கால் வைக்கும்போதே ஒவ்வொருவரும் "சாப்டுச்சா?" என்றார்கள். பஞ்சவர்ணமும் சளைக்கவில்லை. இட்லி, வடகறி, மீன்குழம்பு என்று மணிக்கு ஊட்டிக்கொண்டே இருந்தார். சாயங்காலத்துக்குள் வகுப்பே தேறிவிட்டது.

தேவிப்பிரியாவுக்குக் கொடுத்த சான்றிதழில், நாய்களுக்கு மயக்க மருந்து கொடுப்பதில் தேர்ந்தவர் என்று போட்டிருந்தது.

அவள் நாயைத் தொடவே இல்லை.